பனித்தண்ணீரும் உப்பும்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, எங்கள் வீட்டில் தடுமன் பிடித்தால் ஹோமியோபதி மருந்தான வெள்ளைச் சீனி உருண்டைதான். நாலு உருண்டை, நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். மூன்று நாளில் தடுமன் போய்விடும். உருண்டை தீர்ந்துபோன மாதத்தில் எத்தனை நாளில் போனது? யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஹோமியோபதியில் '30 சி' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலப்பது. இப்படி 30 தடவை. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளில் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அபூர்வம். ஆனால் இந்தக் கணக்கால் ஹோமியோபதிக்காரரை மடக்க முடியாது. வேலை செய்வது பொருள் இல்லை, அதற்குள் இருக்கும் சக்தி, அது உடம்பை இயக்கும் உயிர்விசையைத் தொடுகிறது என்பதுதானே ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் சொன்னது!

சரி, சக்தி என்றே இருக்கட்டும். வித்தியாசம் தெரிய வேண்டுமே?

இதைத்தான் 1835-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் ஊர்க்காரர்கள் சோதித்தார்கள். 30 தடவை நீர்த்த சமையல் உப்பைச் சாப்பிட்டால் உடம்பில் ஏதாவது தெரியும், பத்துக்கு ஒன்று பந்தயம் என்று உள்ளூர் ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் சவால் விட்டிருந்தார். ஒரு விடுதியில் ஊரைக் கூட்டினார்கள். நூறு குப்பிகளுக்கு எண் போட்டுக் கலைத்தார்கள். பாதியில் பனியை உருக்கி வடித்த வெறும் தண்ணீர், மீதியில் அதே தண்ணீரில் நீர்த்த உப்பு. எந்த எண்ணில் எது என்ற பட்டியலை மூடி முத்திரை வைத்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து 50 பேர் பதில் சொன்னார்கள். 42 பேருக்கு ஒன்றுமில்லை. ஏதோ தெரிந்தது என்றவர்கள் எட்டுப் பேர். முத்திரையை உடைத்தால், ஐந்து பேர் குடித்தது உப்பு, மூன்று பேர் வெறும் தண்ணீர்.

எனக்கு அந்த மூன்று பேர் மேல்தான் கண். பொய் சொன்னவர்கள் இல்லை, நிஜமாகவே ஏதோ உணர்ந்தவர்கள்.

அப்புறம் 1854, லண்டன் காலரா. ஹோமியோபதி மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் மற்ற மருத்துவமனைகளைவிட வெகு குறைவு. நம்புகிறவர்கள் இன்றும் இதைக் காட்டுகிறார்கள், தப்பில்லை. ஆனால் அன்றைய மற்ற வைத்தியம் என்னவென்று பாருங்கள்: இரத்தம் எடுப்பது, பாதரசம் கொடுப்பது. வாந்தி பேதியில் வற்றிக் கிடக்கும் உடம்பிலிருந்து இரத்தமும் எடுத்தால்? அங்கே நோயாளி தப்பியது உருண்டை உள்ளே போனதால் இருக்க வேண்டியதில்லை. கத்தி கிட்டே வராததே போதும்.

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார். "அப்போ என் பேரனுக்குச் சளி போனது பொய்யா?" என்றார்.

"போனது நிஜம்மா" என்றேன். "அடுத்த தடவை கொடுக்காமல் எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்."

"அவன் அழுவானே!" என்றார். அரங்கமே சிரித்தது, நானும்தான்.