எட்டுப் பட்டை, ஒரே முகம்

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி அன்பர்களுக்கும், மழையைப் பாராமல் இந்தச் சமூக மன்றத்தை நிறைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

"டென்னிஸில் ஃபோர்ஹேண்ட் அடிக்கும் அதே முகத்தால், பிடியை மாற்றாமல் அடிக்கும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் திருத்த வேண்டிய பழக்கமா, வளர்க்க வேண்டிய திறமையா?" இதுதான் தலைப்பு. வலக்கைக்காரர் தம் வலப்பக்கம் வரும் பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் வரும் பந்தை அடிப்பது பேக்ஹேண்ட். முகம் என்றால் மட்டையில் நரம்பு பின்னிய பரப்பின் ஒரு பக்கம். வளர்க்க வேண்டிய திறமை என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார்: அது முறைகெட்ட ஆட்டம், முழங்கையைக் கெடுக்கும், தாழ்வாக வரும் பந்துக்கு உதவாது. மூன்றாவதில் பாதி உண்மை, நடுவர் அவர்களே. அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன். இப்போதே ஒப்புக்கொண்டால் கைதட்டல் அந்தப் பக்கம் போய்விடும்.

முதலில் "முறை". இதோ, கையில் ஒரு டென்னிஸ் மட்டை. கைப்பிடியைப் பாருங்கள், எட்டுப் பட்டை. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி பிடித்து, கைப்பிடியின் அடிமுனையிலிருந்து பார்த்தால் மேலே இருப்பது ஒன்றாம் பட்டை. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணினால் வலப்பக்கம் மூன்று, அடியில் ஐந்து, இடப்பக்கம் ஏழு. வலக்கைக்காரரின் ஆள்காட்டி விரல் அடிமுட்டி எந்தப் பட்டையில் உட்காருகிறதோ, அதுதான் அவருடைய பிடி. இன்று பெரும்பாலானோரின் ஃபோர்ஹேண்ட் செமி வெஸ்டர்ன், அதாவது நான்காம் பட்டை. பாடப்புத்தகம் சொல்லும் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு ஈஸ்டர்ன் பிடி, அதாவது ஒன்றாம் பட்டை. நான்கிலிருந்து ஒன்றுக்கு மூன்று பட்டை. ஒரு பட்டைக்கு 45 பாகை என்றால், உள்ளங்கைக்குள் மட்டை 135 பாகை சுழல வேண்டும்.

நாங்கள் ஆதரிக்கும் ஆட்டக்காரர் அதைச் சுழற்றுவதில்லை. முழங்கை சற்று உயர, மட்டையின் தலை அவர் கண்ணுக்கு முன்னால் கார் வைப்பர் போல வளைந்து இடப்பக்கம் போகிறது. மேல்விளிம்பு கீழே வருகிறது. அடிக்கும் முகம் அதேதான். இப்போது விரல் முட்டி எங்கே இருக்கிறது? மட்டை தலைகீழானதால் எல்லாப் பட்டைக்கும் எண்ணோடு நான்கைக் கூட்டுங்கள். நான்கு எட்டாகிவிட்டது! எட்டாம் பட்டைப் பிடி என்பது உயரமாக எழும் பந்தை டாப்ஸ்பின்னோடு, அதாவது முன்னோக்கிச் சுழலும்படி, அடிக்கப் பல முன்னணி ஒற்றைக் கை ஆட்டக்காரர்கள் சாய்கிற பிடி. ஆக, பந்தைத் தொடும் நொடியில் கையின் அமைப்பு, மணிக்கட்டின் கோணம், தோளின் நிலை எல்லாம் எதிரணி போற்றும் அந்த "முறை"யேதான். மாறியது நரம்பின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்பது மட்டும். மட்டையின் இரு முகங்களும் ஒரேமாதிரி ஆட வேண்டும் என்று அனைத்துலக டென்னிஸ் சம்மேளன விதியே சொல்கிறது. இரு முகமும் ஒன்றென்று விதி சொல்லும்போது, இந்த முகத்தால் அடிக்காதே என்று சொல்ல நமக்கு ஏது அதிகாரம்?

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றார் எதிரணித் தம்பி. நல்லது தம்பி, ஆடத் தெரிந்த ஒருவரைக் காட்டுகிறேன். ஸ்பெயினின் ஆல்பெர்ட்டோ பெராசதேகி. ஹவாயன் எனப்படும் மிகத் தீவிரமான பிடி, ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் ஒரே முகத்தில். 1994இல் பிரெஞ்சுப் பொது விருதின் இறுதியாட்டம் வரை போனார், சக நாட்டவர் செர்ஜி புருகேராவிடம் தோற்றார். அதே ஆண்டு உலகத் தரவரிசையில் ஏழாமிடம். "அது களிமண் ஆட்டக்காரர் கதை, சிங்கப்பூரில் கெட்டித் தரை" என்பீர்கள். 1998 ஆஸ்திரேலியப் பொது விருது கெட்டித் தரைதான். அங்கே ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டரை வீழ்த்தினார். அடுத்த சுற்றில் முதல் இரண்டு செட்டையும் இழந்த பிறகு அமெரிக்காவின் ஆண்ட்ரே அகாஸியையும் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். கூடம் கோணலாக இருந்ததாகத் தகவல் இல்லை.

மேசைப்பந்து பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதே அல்ல. பேனா பிடிப்பதுபோல மட்டையைப் பிடிக்கும் பழைய ஆசியப் பாணியில் இரு பக்கத்துக்கும் ஒரே முகம்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒற்றையர் இறுதியில், பின்முகத்தையும் பயன்படுத்திய சீனாவின் வாங் ஹாவை வென்று தங்கம் எடுத்த தென்கொரியாவின் ரியூ சியுங் மின், அந்தப் பழைய பாணிக்காரர். அவரிடம் போய் யாரும் "திருத்திக்கொள்" என்று சொல்லவில்லை.

அடுத்து பேசிய சகோதரி ஒரு புள்ளிவிவரம் கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் ஆடவர் தரவரிசையின் முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஒருவர்கூட இல்லை, 1973இல் தரவரிசை தொடங்கியதிலிருந்து அதுவே முதல்முறை என்றார். உண்மை. ஆனால் சகோதரி, அந்தப் பத்துப் பேர் பட்டியலிலிருந்து வெளியேறியது எது? பாடப்புத்தக ஒற்றைக் கை அல்லவா? அதை வீழ்த்தியவை இரண்டு: தோளுக்கு மேல் எழும் டாப்ஸ்பின், நேரம் தராத சர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடி. மணிக்கு 180 கிலோமீட்டரில் வரும் சர்வ் உங்களை வந்தடைய முக்கால் விநாடிகூட ஆகாது. அதற்குள் பக்கத்தைக் கணித்து, தோளைத் திருப்பி, பிடியை 135 பாகை சுழற்றி, காலை வைத்து அடிக்க வேண்டும். பாதிச் சுழற்சியில் பந்து வந்துவிட்டால் விரல் முட்டி இரண்டாம் பட்டையில் நிற்கும், முகம் வானம் பார்க்கும், பந்து வேலிக்குப் போகும். ஒரே முகத்தில் அடிப்பவருக்கு அந்த ஒரு வேலை குறைவு. தோளுயரப் பந்துக்கோ எட்டாம் பட்டையைவிட வலுவான ஒற்றைக் கைப் பிடி சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் திறந்தவெளி ஆடுகளம் எதிலாவது காலை பத்து மணிக்கு ஆடிப் பாருங்கள். மூன்றாவது கேமில் கைப்பிடி மேல் சுற்றிய நாடா நனைந்துவிடும். நனைந்த கைப்பிடியை உள்ளங்கைக்குள் சுழற்றினால் அரைப் பட்டை கூடும், அரைப் பட்டை குறையும். அரைப் பட்டை என்றால் 22 பாகைக்கு மேல். சுழற்றாத கைக்கு அந்தத் தொல்லை இல்லை.

முழங்கைக்கு வருகிறேன். டென்னிஸ் எல்போ, வெளிப்பக்க எலும்பு முனையில் தசைநார் நோகும் வலி. அது முகத்தால் வருவதில்லை. பந்தைத் தாமதமாகத் தொட்டு, மணிக்கட்டை உள்நோக்கி மடித்து, முழங்கையை முன்னே தள்ளி அடித்தால் வரும். ஒன்றாம் பட்டைக்காரருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் எங்கள் பாணியில் ஒரு பொறி உண்டு, மறைக்கவில்லை. மட்டையைத் திருப்ப முழங்கை உயர்கிறது அல்லவா, அது உயர்ந்தபடியே நின்றுவிட்டால் கெடுதல். சரியான வரிசை இது. இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். வைப்பர் அசைவும் தோள் திருப்பமும் ஒன்றாக நடக்க வேண்டும், எதிராளிக்கு உங்கள் வலத் தோளின் பின்பக்கம் தெரிய வேண்டும். பிறகு முழங்கை இறங்கி, மட்டைத் தலை பந்தின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும். வலக்கால் முன்வைத்து, கை நீட்டி, முன்கால் விரல்களைத் தாண்டி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் முன்னால் பந்தைத் தொட வேண்டும். இடுப்புக்கு நேரே தொட்டால் மட்டை முகம் இன்னும் மூடியே, அதாவது தரை பார்த்தே, இருக்கும், பந்து வலையில். தொடும்போது இடக்கை பின்னால் போக வேண்டும். அது முன்னால் வந்தால் மார்பு திறந்து பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே ஓடும். வலையில் விழுகிறதா, வெளியே ஓடுகிறதா என்று பார்த்தே பயிற்றுநர் பிழையைச் சொல்லிவிடலாம். முகத்தைக் குறை சொல்ல எந்த அவசியமும் இல்லை.

சரி, நடுவர் மணியைப் பார்க்கிறார், ஒப்புக்கொள்கிறேன். முழங்காலுக்குக் கீழே வரும் பந்தை எட்டாம் பட்டை நிலையில் தூக்குவது கடினம், முகம் அதிகம் மூடியிருக்கிறது. அதற்கு மருந்து உண்டு. விரல் முட்டியை நான்கிலிருந்து ஐந்துக்கு, ஒரே ஒரு பட்டை நகர்த்துங்கள். ஐந்தோடு நான்கு ஒன்பது, எட்டைத் தாண்டினால் மறுபடி ஒன்று. அதே முகத்தில் அசல் ஈஸ்டர்ன் பிடி கிடைத்துவிட்டது. 135 பாகைக்குப் பதில் 45. நேரம் இருக்கும்போது மட்டும் நகர்த்தினால் போதும். சர்வைத் திருப்பும்போது நகர்த்தவே வேண்டாம்.

பந்தின் அடியை வெட்டுவதுபோல் அடிக்கும் ஸ்லைஸ், தரையில் படுமுன்பே அடிக்கும் வாலி இரண்டுக்கும் இந்தப் பாணி ஆகாது. அவற்றுக்குக் காண்டினென்டல் பிடியும், அதாவது இரண்டாம் பட்டையும், மறுமுகமும் வேண்டும்தான். எங்கள் ஆட்டக்காரர் அதையும் தனியாகக் கற்கட்டும். பாடப்புத்தகக்காரரும் ஒன்றாம் பட்டையை விட்டு இரண்டாம் பட்டைக்குப் போய்த்தானே ஸ்லைஸ் அடிக்கிறார்? அந்த நகர்வை எந்த வயதில், எந்தப் பயிற்சிப் பந்தோடு கற்பிப்பது, 75 விழுக்காடு வேகம் குறைந்த சிவப்புப் பந்திலா, 25 விழுக்காடு குறைந்த பச்சைப் பந்திலா என்பதை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் சொல்வார். எதிரணி அதற்குள் ஒரு மட்டை வாங்கிவந்து பட்டையை எண்ணிப் பார்க்கட்டும். வணக்கம்.