அறைக்கு நிறம், காலுக்குப் பிடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குடியிருப்பாளர் கட்டமைப்பின் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலய நிர்வாகக் குழுப் பெரியவர்களே, மகளிர் குழுத் தலைவி அவர்களே, நாற்காலி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நிற்கும் இளைஞர்களே, எல்லாருக்கும் வணக்கம். மகளிர் குழுத் தலைவியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கூட்டத்தின் தேதி மூன்று முறை மாறியது. மூன்று முறையும் சமையல்காரரிடம் திட்டு வாங்கியவர் அவர்தான். இன்றைக்கு வடை சாப்பிடுகிறவர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சீனரின் வாஸ்து மாதிரியான ஃபெங் சுய் நிறங்களைக் கொண்டு நம் அறையை எப்படி அழகுபடுத்துவது என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். நான் ஃபெங் சுய் குரு இல்லை. இந்தச் சிங்கப்பூரில் முப்பத்திரண்டு வருஷம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்குச் சாயம் அடித்தவன். சீனர் வீடுகளில் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டது இது. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, எந்த நிறத்துக்கு என்ன பொருள். இரண்டு, எந்தத் திசைக்கு எந்த நிறம். மூன்று, பிள்ளைகள் படிக்கும் அறைக்கு எது நல்லது. தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, வேகமாகப் போகிறேன்.

நமக்குப் பஞ்சபூதம் மாதிரி சீனர்களுக்கும் ஐந்து உண்டு. ஆனால் பட்டியல் வேறு. காற்றும் ஆகாயமும் அதில் கிடையாது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். மரத்துக்குப் பச்சை, நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, நீருக்குக் கறுப்பு. நீருக்குக் கருநீலமும் அடிப்பார்கள். திசையும் இதோடு ஒட்டியே வரும்: கிழக்கு பச்சை, தெற்கு சிவப்பு, மேற்கு வெள்ளை, வடக்கு கறுப்பு, நடுவில் மஞ்சள். பாருங்கள், இரண்டாவது விஷயமும் முடிந்துவிட்டது.

பச்சை என்று நான் சொல்வதை அவர்கள் ‘சிங்’ என்பார்கள். அந்தச் சொல்லில் பச்சையும் நீலமும் சேர்ந்தே இருக்கின்றன. இதில் நமக்குச் சிரிப்பு வர வேண்டியதில்லை. நம் பெருமாள் கார்வண்ணர், நீலமேனியர். காஞ்சிபுரம் போனால் பச்சைவண்ணர். ஒரே சாமிதானே?

ஒன்றை ஒன்று வளர்க்கும் என்பது அவர்கள் கணக்கு. நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் பிறக்கும், உலோகத்தில் நீர் பூக்கும். சன்டெக் சிட்டியின் செல்வ நீரூற்று வெண்கலத்தில் இருக்கிறதே, அது இந்தக் கணக்குத்தான். ஒன்றை ஒன்று அடக்குவதும் உண்டு. நீர் நெருப்பை அணைக்கும், மண் நீரைத் தடுக்கும். இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள். பிறகு வேலை இருக்கிறது.

பெய்ஜிங் அரண்மனையின் கூரைகளில் பெரும்பாலும் மஞ்சள் ஓடு. நடுநாயகமான மண், பேரரசரின் நிறம். ஆனால் 1776-இல் கட்டி முடித்த வென்யுவான் நூலக மண்டபத்துக்குக் கறுப்பு ஓடு. புத்தகத்துக்கு நெருப்புதானே எதிரி? அதனால் கூரையில் நீரின் நிறம். இவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டிய அரண்மனையில்தான், பேரரசர் குடிவந்த சில மாதங்களில், 1421-இல், இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்துபோயின. ஆனைக்கும் அடி சறுக்கும்.

(வரவேற்கிறோம் ஐயா, வாருங்கள், முன்னால் வாருங்கள். நம் அடித்தளத் தலைவர் வந்துவிட்டார். தம்பி, ஐயாவுக்கு அந்த ஓரத்து நாற்காலி. வேண்டாம், அது ஆடும். இந்தப் பக்கத்தைக் கொடு. பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம். ஐயா போன வருஷம் நம் புளோக்கில் மின்தூக்கி பழுதானபோது நேரில் வந்து நின்றவர். ஒரு கைதட்டு.)

எங்கே விட்டேன்? நிறம். சிவப்பு நல்ல காரியத்துக்கு, அதனால் அங் பாவ் என்ற அன்பளிப்புப் பணம் சிவப்பு உறையில். வெள்ளை துக்கத்துக்கு, இறந்த வீட்டில் கொடுக்கும் பெக் கிம் பணம் வெள்ளை உறையில். சீன நண்பர் கல்யாணத்துக்கு வெள்ளை உறையில் மொய் கொடுத்த நம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று. அறையின் இடது மூலை செல்வ மூலை, அங்கே ஊதா அடியுங்கள் என்று இணையத்தில் சுற்றுகிறது. அது 1980-களில் லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய முறை. பழைய ஆட்கள் லோபான் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள், மூலையைக் கைகாட்டிச் சொல்ல மாட்டார்கள். ஊதா பிடித்தால் அடியுங்கள். பணம் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

நிறமான சீன வீடு பார்க்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். தேக்காவில், நம் லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் ரோட்டில் டான் டெங் நியா என்பவரின் வீடு. 1900-இல் கட்டியது. வானவில்லைக் கரைத்து ஊற்றியது போல இருக்கும். அந்த நிறமெல்லாம் பிறகு புதுப்பித்தபோது வந்தது, முதலில் வெள்ளையும் பச்சையும்தான். இது சாயக்காரன் பெருமை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர். எனக்கு ஹொக்கியன் வராது, அவருக்குத் தமிழ் வராது, நாங்கள் பேசுவது பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். அவர் மகன் ஒரு ஃபெங் சுய் குருவைக் கூட்டி வந்தான். குரு பெரியவரின் பிறந்த நாள், நேரம் எல்லாம் கேட்டார், லோபானைச் சுற்றினார், “அப்பாவுக்கு நீர் குறைவு” என்றார். அவ்வளவுதான். சுவர் கருநீலம், திரை கருநீலம், படுக்கை விரிப்பு கருநீலம், கட்டிலுக்குக் கீழே விரிக்கும் பாய்கூடக் கருநீலம். சாயம் அடித்தது யார்? நான்தான். இரண்டு பூச்சு, சுத்தமான வேலை, பத்திரிகையில் போடலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி தடால் என்று ஒரு சத்தம். ஓடினேன். பெரியவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கழிவறை போய்விட்டு வந்து கட்டிலில் உட்காரப் பார்த்திருக்கிறார். கட்டில் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கட்டில் இல்லாத இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு தப்பியது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? “ஆயர் சுடா லெபே லா!” தண்ணீர் அதிகமாகிவிட்டதாம்! அவர் மனைவி அழுகிறாள், மகன் தலையில் கைவைக்கிறான், இவர் சிரிக்கிறார்.

மறுநாள் குருவே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்தார். பாயின் ஓரம் தரையோடு கலந்து கிடந்தது. கால் மாட்டிக்கொண்டது. லோபான் ஒரு பக்கம், குரு ஒரு பக்கம்! ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். நல்ல மனிதர், வறட்டுக் கௌரவம் பார்க்கவில்லை. “மண் நீரைத் தடுக்கும், மஞ்சள் போடு” என்றார். கட்டில் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினேன், பாயைத் தூக்கிப் போட்டோம், கழிவறைக் கதவுச் சட்டத்துக்கு மஞ்சள் அடித்தேன். அதற்குப் பிறகு பெரியவர் விழவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. கருநீலக் காலுறையும் கறுப்புக் காலுறையும் ஒன்றாகத் தெரியும். வெள்ளை ஓடு பதித்த கழிவறையில் வெள்ளைத் தொட்டி கண்ணுக்குப் படாது, கைப்பிடிக் கம்பியும் சுவரோடு மறைந்துவிடும். அழகு என்று எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் செய்கிறோமே, அது இளைஞர் கண்ணுக்கு அழகு. 2030-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவருக்கு 65 வயது ஆகியிருக்கும். அந்த நால்வரில் ஒருவர் நம் அம்மா, நம் மாமனார். ஃபெங் சுய் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வடக்கு அறைக்கு நீலம் வேண்டுமா, அடியுங்கள். ஆனால் சுவருக்கும் தரைக்கும் ஒரே நிறம் வேண்டாம், கட்டிலுக்கும் விரிப்புக்கும் வேறு நிறம், கம்பியைச் சுற்றிச் சிவப்போ மஞ்சளோ ஒரு பட்டை. பட்டை வாங்க இரண்டு மூன்று வெள்ளிதான் ஆகும். நடந்து பழகிய வீடுதானே என்று சொல்லாதீர்கள். ஆனைக்கும் அடி சறுக்கும், அதுவும் சொந்தக் கழிவறையில்தான் சறுக்கும்.

முதியோர் வீட்டில் பாதுகாப்பாக நடமாட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஈஸ் திட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமகன் ஒருவர் இருந்தால் போதும். கழிவறைத் தரைக்கு வழுக்காத பூச்சு, கைப்பிடிக் கம்பி, சாய்தளம் எல்லாம் செய்து தருவார்கள். வீட்டு வகையைப் பொறுத்துக் குடிமக்களுக்கு 95 விழுக்காடு வரை அரசாங்கம் கொடுக்கும். பின்மேசையில் இரண்டு தொண்டூழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களே விண்ணப்பித்துக் கொடுப்பார்கள். மஞ்சள் பட்டை ஒரு பெட்டி நான் கொண்டுவந்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். பிள்ளைகள் படிக்கும் அறைக்கு என்ன நிறம் என்பதை வடை சாப்பிடும்போது வந்து கேளுங்கள். வணக்கம்.