வலி நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்!

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் உதடு, நாக்கில் பாதி, எல்லாம் மரத்துக் கிடக்கிறது. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு இப்போதுதான் தர்மபுரி வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக இந்தச் சேனலில் பைக், மலைப்பாதை, டீக்கடை என்று பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு என் வாய்தான் காட்சி. பயப்படாதீர்கள், குளோசப் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. வலி இல்லை. கொய்யா விதை மட்டும் போய் உட்காரும், குச்சியால் நோண்டி எடுப்பேன். அப்புறம் ஜில்லென்று குடித்தால் சுரீர் என்றது. அப்புறம் சூடாகக் குடித்தாலும் வலி. ராத்திரி படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். அம்மா கிராம்பு கொடுத்தார். நன்றாகவே கேட்டது. கிராம்பில் இருக்கும் யூஜெனாலுக்கு மரக்கச் செய்யும் குணம் உண்டு, பல் டாக்டர்களே பயன்படுத்துகிற பொருள்தான் அது. ஆனால் வலியைத்தான் அமுக்கும், சொத்தையைத் தொடாது. இன்னொரு கூத்தும் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்தேன். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிட்டது. மாத்திரை விழுங்குவதற்குத்தான், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஒரு வாரத்தில் வலி தானாக நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம், சரியாகிவிட்டது என்று ஏற்காடு ரைடுகூடப் போய் வந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எழுந்தால் தாடை வீங்கிக் கிடந்தது.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வலி நின்றது குணமாகி இல்லைங்க. உள்ளே நரம்பு செத்துப்போச்சு, அதான் தெரியல."

பல்லின் மேலே இருக்கிற எனாமல் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். ஆனால் அதற்கு உணர்ச்சி கிடையாது. சொத்தை அதைத் தின்றுகொண்டிருக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினுக்கு வந்தால்தான் கூச்சம். அதையும் தாண்டி நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழுக்குப் போனால்தான் ராத்திரித் தூக்கம் போகிற வலி. அதாவது நாம் "வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று உட்கார்ந்திருப்பது கடைசி ஸ்டாப்பிங்கில். கடுகு அளவில் இருந்தபோதே போயிருந்தால் ஒரு அடைப்போடு முடிந்திருக்கும். இப்போது ரூட் கெனால், அதாவது செத்த கூழைச் சுரண்டி எடுத்து அடைப்பது, அதற்கு மேல் கேப்.

"தினமும் காலையில் பல் தேய்க்கிறேனே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது இரண்டே கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை டீ? ராத்திரி பல் தேய்ப்பீர்களா?

ரைடு போகிற நாளில் எட்டு டீ, எல்லாம் சர்க்கரையோடு. வாயில் இருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமில அளவைச் சொல்லும் பிஹெச் என்ற எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருக்கும் தாது கரையும். உமிழ்நீர் அதைச் சரிசெய்து, கரைந்ததைத் திரும்பப் படியவும் வைக்கும். ஆனால் அதற்கு அரை மணி, முக்கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். நான் எங்கே கொடுத்தேன்? அதற்குள் அடுத்த டீக்கடை வந்துவிடும். ஒரே உட்காரலில் நாலு லட்டு சாப்பிட்டவனைவிட, நாள் முழுக்க ஒவ்வொரு வாயாக இனிப்பு உறிஞ்சுகிறவன் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ராத்திரி கதை இன்னும் மோசம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும், காவல்காரன் இல்லாத வீடு மாதிரி. அதனால் ஒரு வேளைதான் தேய்ப்பேன் என்று அடம்பிடித்தால் அது ராத்திரியாக இருக்கட்டும். மெத்தென்ற பிரஷ், இரண்டு நிமிஷம், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் மெதுவாக. முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், எனாமலை உறுதியாக்க பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும். இதுதான் எனக்குப் பழகவே இல்லை. தொண்டை வரை விரல் விட்டு ஓங்கரித்துத் தெருவையே எழுப்புகிற ஆட்கள் நாம்!

ஃபுளோரைடு என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் முறைப்பார்கள். நியாயம்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அம்மாவுக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் உண்டு, இன்றைக்கும் போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் அந்தக் கறை விழுவது, குழந்தைப் பருவத்தில் தாடைக்குள் பல் உருவாகும்போது அதிக ஃபுளோரைடு வயிற்றுக்குள் போனால். வளர்ந்தவர் பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவதால் வராது. சின்னக் குழந்தைகள்தான் விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாக வைப்பது பேஸ்ட் விற்பதற்கு.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் பார்வர்டு. டியூப் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு இருந்தால் கெமிக்கலாம். அது டியூபை எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் காட்டுகிற அடையாளம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணன் மகளின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறரை வயது. பால் பல் வரிசைக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது. அண்ணி, "அது பால் பல்தானே, விழுந்துவிடும்" என்றார். இல்லை! ஆறு வயதுவாக்கில் வருகிற அந்தப் பல் எதையும் தள்ளிவிட்டு வராது, அதனால் யார் கண்ணிலும் படாது. ஆனால் அது நிலையான பல், போனால் மறுபடி முளைக்காது. எனக்குச் சொத்தை விழுந்ததும் அதே பல்தான். மேலே ஆழமான பள்ளங்கள் இருக்கும், சீலன்ட் என்று ஒன்றைப் பூசி அடைத்துவிடலாமாம். வியாழக்கிழமை என் அடுத்த சிட்டிங்குக்கு அவளையும் கூட்டிப் போகிறேன்.

இதோ, அம்மா டீ கொண்டு வந்துவிட்டார். இல்லைம்மா, கீழே வையுங்கள். மரப்பு போகும்வரை சூடாகக் குடிக்கக் கூடாது, நாக்கு வெந்தால்கூடத் தெரியாது. ஆமாம்... சர்க்கரை போட்டீர்களா?