கணக்கு கேட்டால் கோபம் வரலாமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் பெரியவர்களே, பகல் வெயிலில் காய்ந்த தரை இன்னும் சூடு ஆறாத நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் குடியாத்தம் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஊராட்சியும் நகராட்சியும் ஒழுங்காக நடக்கப் பெரிதும் தேவை நல்ல தலைவரா, கணக்கு கேட்கும் குடிமக்களா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், நல்லவராகப் பார்த்து ஓட்டுப் போட்டுவிடு, அப்புறம் அவரை வேலை செய்ய விடு, மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருந்தால் எந்த அதிகாரி தைரியமாகக் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டார். நல்ல கைதட்டல் விழுந்தது.

அண்ணே, 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கிராமங்களில் அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில், நகராட்சி மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். அப்போதும் வீட்டு வரி கட்டினோம், சாலை போட்டார்கள், பில் பாஸ் ஆனது. நல்லவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டே இல்லாத அந்தக் காலத்தில் நம் கையில் என்ன இருந்தது? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்த தாள் அது. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை, 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் டைலர், டேப் எப்போதும் என் கழுத்தில்தான் கிடக்கும். எங்கள் தெருவில் சிமெண்ட் சாலை போட்டு ஒரு மழைக்காலம்தான் போனது, ஓரமெல்லாம் ஜல்லி பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குழாய்க்காக ஒரு வீட்டு வாசலில் சாலையை வெட்டினார்கள். வெட்டின பள்ளத்தில் சாலை எவ்வளவு கனம் என்று வெட்டவெளிச்சமாகத் தெரிகிறதே! மண்டி போட்டு டேப்பை வைத்தேன், மேலே இருந்து மண் வரைக்கும் நாலு அங்குலம். மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் நாலைத் தாண்டவில்லை. அந்த வேலையின் எஸ்டிமேட்டும், முடித்த வேலையை அளந்து எழுதி வைக்கிற அளவுப் புத்தகமான எம்-புக்கும் வேண்டும் என்று மனு போட்டேன். 30 நாள் போனது, பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன், அப்புறம்தான் நேரில் வந்து பார்த்துக்கொள் என்று கடிதம் வந்தது. கோப்பை மட்டும் இல்லை, வேலையையே நேரில் ஆய்வு செய்யலாம், சான்று மாதிரி எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. போனேன். எம்-புக்கில் அழகான கையெழுத்தில் 0.15 மீட்டர் என்று எழுதியிருந்தது. அதாவது ஆறு அங்குலம். நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு அங்குலம் எங்கள் தெரு முழுக்க நீளத்துக்குப் போயிருக்கிறது, நடுவர் அவர்களே!

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் கோப்பை எடுத்துக் கொடுத்த ஊழியர், வயதானவர், நான் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: "கேளும்மா. நீங்க கேட்டாத்தான் தப்புக் கணக்குக்கு எங்களாலயும் முடியாதுன்னு சொல்ல முடியும்." கேள்வி கேட்டால் அதிகாரி பயப்படுவார் என்றார்களே, நேர்மையான ஊழியருக்கு அந்தக் கேள்விதான் தெம்பு.

2022-ல் வேலூர் காளிகாம்பாள் கோயில் தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் சாலை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். போட்டோவில் சக்கரம் தெரிந்தது, ஊரே பேசியது. சாலைக்கு அடியில் இருக்கிற கனம் எந்தப் போட்டோவில் தெரியும்? அது எம்-புக்கில்தான் இருக்கிறது.

மனு போட்டு மிரட்டிக் காசு பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எதிரணியில் அம்மா ஒருவர் சொன்னார். இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் மறைத்து வைத்தால்தானே அம்மா மிரட்ட முடியும்? அந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவு, யாரும் மனு போடாமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவை என்று ஒரு பெரிய பட்டியலே தருகிறது. வரவு செலவு, திட்டம், பட்ஜெட் எல்லாம் அதில் உண்டு. எஸ்டிமேட்டையும் பில்லையும் சாலை முனையில் பலகையாக எழுதி வைத்துவிட்டால் மிரட்டுகிறவனுக்கு என்ன வேலை?

கணக்கு கேட்பது மரியாதைக் குறைவு என்று இன்னொரு பேச்சு. நம் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கதையும் கூத்துமாகத் திருவிழா, பாரதம், வைக்கிறோம், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூல் செய்கிறோம். கூத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு என்று நோட்டைப் பிரித்துப் படிக்கச் சொல்கிறோமா இல்லையா? படிக்கிறவர் நம் மாமாவாக இருப்பார், சித்தப்பாவாக இருப்பார். கேட்டதால் உறவு அறுந்ததா? கணக்கைச் சரியாகப் படித்தவரைத்தானே அடுத்த வருஷமும் நோட்டைப் பிடி என்கிறோம். ஐந்நூறு ரூபாய் வரிக்குக் கேட்கிற வாய், லட்சக்கணக்கில் போகிற சாலைக்கு ஏன் மூடிக்கொள்ள வேண்டும்? இது புதுப் பழக்கமும் இல்லை. உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஊர் வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனுடைய உறவுக்காரர்கள் பெயரைக்கூட குடவோலையில் இடக்கூடாது என்று.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1, ஆறு நாள் கிராம சபை. மனுகூட வேண்டாம், எழுந்து நின்று கேட்டால் போதும்.

எங்கள் தெரு சாலையைத் திரும்பப் போட்டார்களா என்றால், இல்லை, ஓரத்தை மட்டும் பூசிவிட்டுப் போனார்கள். புகார் இன்னும் நடக்கிறது, நானும் விடவில்லை. ஆனால் போன மாதம் அடுத்த தெருவில் கலவை வண்டி வந்து நின்றபோது நாலு பெண்கள் என் கடைக்கு வந்து டேப் கேட்டார்கள். கான்கிரீட் கொட்டுகிறதுக்கு முன்னால் பலகை அடித்த உயரத்தை அளந்துவிட்டு, அதில் ஒருத்தி மேஸ்திரியிடம் கேட்டாள்: "அண்ணா, எஸ்டிமேட்டுல ஆறு அங்குலம்தானே?"

அவர் பலகையை ஏற்றிக் கட்டினார். நடுவர் அவர்களே, அந்த டேப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் மேசையில் வைக்கிறேன். வணக்கம்.