சஸ்பெண்ட் கொடுத்தால் எழாத கணினி

வணக்கம் நேயர்களே. லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப் சரியாகத் தூங்குவதில்லை, அதாவது சஸ்பெண்ட் ஆவதில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தூங்கவே மறுக்கிறதா, தூங்கிய உடனே எழுந்து உட்கார்ந்துகொள்கிறதா, இல்லை தூங்கிவிட்டு எழாமல் கிடக்கிறதா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். இதைப் பிரித்துப் பார்க்காமல், இணையத்தில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஒட்டிப் பார்ப்பதில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

தானாகத் தூங்கவே மாட்டேன் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் தடுத்துக்கொண்டிருக்கும். 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' கட்டளையோடு, ஓர் இடைவெளி விட்டு, 'மைனஸ் மைனஸ் லிஸ்ட்' சேர்த்து அடித்தால் யார் என்று பெயரோடு வந்துவிடும்.

உடனே எழுந்துவிடும் வகைதான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த மெஷின்களில் நான் அதிகம் பார்ப்பது. 'ப்ராக்' அடைவில் 'ஏசிபிஐ', அதற்குள் 'வேக்கப்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைத் திறந்தால் கணினியை எழுப்ப அனுமதி உள்ள சாதனங்களின் பட்டியல் தெரியும். அதில் எக்ஸ்ஹெச்சி என்பது யுஎஸ்பி கன்ட்ரோலர், சில ஏஎம்டி போர்டுகளில் ஜிபிபி0 என்ற பிசிஐஇ போர்ட்டும் இப்படி உடனே எழுப்பிவிடும். அந்தப் பெயரை ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக இருந்து அதே கோப்பில் எழுதினால் அனுமதி போய்விடும், மறுபடி எழுதினால் திரும்ப வந்துவிடும், அதனால் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். ஆனால் யுஎஸ்பியை அணைத்துவிட்டால் கீபோர்டைத் தட்டி எழுப்ப முடியாமல் போகலாம், அப்போது பவர் பட்டன்தான். ரீபூட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எனவே பலன் கிடைத்ததும் ஒவ்வொரு பூட்டிலும் தானே ஓடும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, எழாத கணினி. கறுப்புத் திரையைப் பார்த்ததும் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டாம். கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள், விளக்கு மாறினால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு உயிர் இருக்கிறது, திரைக்குத்தான் கோளாறு. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாக உள்ளே போக முடிந்தால், பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் பிடிக்க வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால், வீடியோ மெமரியைச் சேமித்து வைக்கும் ஆப்ஷனும் அதன் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சர்வீஸ்களும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

முந்தைய பூட்டின் பதிவைப் பார்க்க 'ஜர்னல்சிடிஎல்', இடைவெளி, 'மைனஸ் பி', இடைவெளி, 'மைனஸ் 1'. அதில் 'பிஎம் சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரி இருந்து 'எக்ஸிட்' இல்லையென்றால் போனது திரும்பவில்லை என்று பொருள். ஆனால் அதை வைத்து மட்டும் டிரைவரைத் திட்டிவிடாதீர்கள், நம்ம சென்னையில் இன்னொரு காரணமும் உண்டு. சஸ்பெண்டில் உங்கள் வேலை எல்லாம் ரேமில்தான் இருக்கிறது, ராத்திரி ஒரு நிமிஷம் கரண்ட் போனாலும் யுபிஎஸ் இல்லாத வீட்டில் அத்தனையும் காலி, அப்புறம் பதிவைப் பார்த்தால் டிரைவர் கோளாறும் கரண்ட் போனதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலையில் கேபினெட் ஃபேன் ஓடிக்கொண்டு திரை மட்டும் கறுப்பாக இருந்ததா, இல்லை மெஷினே அணைந்திருந்ததா என்பதைக் கவனித்து வையுங்கள்.

சோதனைக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 'ஆர்டிசிவேக்' கட்டளையில் 60 விநாடி என்று கொடுத்தால் கணினியைத் தூங்க வைத்து அந்த நேரத்தில் தானே எழுப்பிவிடும். அப்டேட் போட்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் கணினி பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் ஒழுங்காக எழுந்தால், இரண்டு கெர்னல்களின் எண்களையும் குறித்து உங்கள் டிஸ்ட்ரோவுக்கு, அதாவது நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் தொகுப்பை வெளியிடுபவர்களுக்கு, ஒரு பக் ரிப்போர்ட் போட்டுவிட்டு, சரியாகும்வரை பழையதிலேயே ஓட்டுங்கள். நன்றி, வணக்கம்.