குடைக்காரருக்கு மூஞ்சி எங்கே? பழைய பத்திரிகைப் படங்கள்

வணக்கம் மக்களே! கேமராவைக் கீழே இறக்கி வச்சிருக்கேன். இன்னைக்கு என் மூஞ்சியை விட மேசைதான் முக்கியம். இந்த ஃபைல்ல இருக்கறது ஒரு நாளிதழுக்கு நான் வரைஞ்ச படங்கள். இடது பக்கம் ஒரிஜினல், வலது பக்கம் பேப்பர் கட்டிங்.

இதைப் பாருங்க. மழையில குடை பிடிச்சு நிக்கற ஆள். குடைக்கு அடியில நிழலுக்காக நிப்பால குறுக்கும் நெடுக்குமா முடி மாதிரி கோடு கோடா இழுத்தேன். அதுக்கே ஒன்றரை மணி நேரம் ஆச்சு. மறுநாள் பேப்பரைப் பிரிச்சா... இதோ. ஒரே கருப்பு. ஆளுக்கு மூஞ்சியே இல்லை!

அன்னைக்கு அச்சுக்காரங்களைத் திட்டித் தீர்த்தேன். பாவம், தப்பு என்னுது. நியூஸ்பிரிண்ட், அதாவது நாளிதழ் அச்சடிக்கற காகிதம், மையை உறிஞ்சும், கோடு ரெண்டு பக்கமும் பரவும், நடுவுல விட்ட வெள்ளை அடைஞ்சுடும். டாட் கெயின்னு சொல்வாங்க. 50 சதவீதச் சாம்பல் நிறம் குடுத்தா அச்சுல 75 கிட்ட வந்து நிக்கும். போதாக்குறைக்கு நான் பெரிசா வரைஞ்சதை பேப்பர்ல ரெண்டு பத்தி அகலத்துக்குள்ள அடக்கினாங்க. படம் பாதியானா கோட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் பாதிதானே? அது எனக்குத் தோணவே இல்லை.

இது ஆறு மாசம் கழிச்சு வரைஞ்சது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு கோடுதான் இருக்கும். ஒரிஜினலைப் பார்த்தா மொட்டையா, அரைகுறையா தெரியுது. கட்டிங்கைப் பாருங்க, எவ்வளவு தெளிவா நிக்குது! இப்பவும் ஒரிஜினலை ஃபிரேம் போடலாமேன்னு சிலர் கேப்பாங்க. எனக்குக் கட்டிங்தான் படம். ஒரிஜினல் அதுக்கான சமையல் குறிப்பு மாதிரி.

ஓரத்துல வெளிர் நீலப் பென்சில் தெரியுதா? சோம்பேறித்தனத்துல அழிக்காம விட்டதுன்னு நினைக்காதீங்க. கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படமா எடுக்கும்போது அந்த நீலம் பதியாது. சரி, கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு.

கட்டிங் எல்லாம் மஞ்சளாயிடுச்சு. இந்தக் காகிதத்துல மரத்துல இருக்கற லிக்னின்ங்கற பொருள் அப்படியே இருக்கும், வெளிச்சமும் காத்தும் பட்டா நிறம் மாறிடும். மடிப்புல தொட்டாலே உதிருது, அதனால ஸ்கேன் பண்ணி வைக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி குடைக்காரரை ஒரு தடவை திரும்ப வரைஞ்சு பார்ப்போம். நிழலே வேண்டாம். மூஞ்சிக்கு மூணு கோடு. இருங்க, மை பாட்டில் மூடி ஒட்டிக்கிச்சு.