சர்ச் தூபமும் வீட்டுச் சாம்பிராணியும் ஒன்றா?

சரி, அடுத்த கேள்வி. "சர்ச்சில் போடும் தூபமும் நாங்கள் வெள்ளிக்கிழமை வீட்டில் போடும் சாம்பிராணியும் ஒரே பொருள்தானா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இல்லைங்க, மரமே வேறு. வீட்டுச் சாம்பிராணி சுமத்ரா பக்கத்து மரம் ஒன்றின் பிசின். கட்டியை உடைத்தால் செம்பழுப்புக்குள் பாதாம் பருப்பைப் பதித்த மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரியும். புகையில் லேசாக வெனிலா வாசம் வரும். நான் சொல்வது கட்டிச் சாம்பிராணியை. கப் சாம்பிராணியில் கரித்தூளும் கலந்திருக்கும், அதை விடுங்கள்.

சர்ச் தூபத்தில் காலங்காலமாக முக்கியமானது குந்திரிக்கம். மற்ற பிசின்களையும் சேர்ப்பார்கள். நம்மூரில் வீட்டுச் சாம்பிராணியே கலப்பதும் உண்டு. குந்திரிக்க மரம் ஓமன், ஏமன், சோமாலியா வறண்ட நிலத்து மரம். ஓமனின் தோஃபாரில் கத்தியால் பட்டையை ஆங்காங்கே சீவி விடுவார்கள். வெள்ளையாகக் கசியும். முதலில் வடிவதற்கு மதிப்பில்லை. சில வாரம் கழித்து அதே காயத்தைத் திரும்பச் சீவி, அப்புறம் உறையும் துளிகளைத்தான் சுரண்டி எடுப்பார்கள். லேசாகப் பச்சையோடி, வெளிச்சம் ஊடுருவுகிற துளிக்கு விலை அதிகம்.

இந்த மாதிரி வாசனைப் பிசினுக்காகப் பழைய ராஜ்ஜியங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. எகிப்தின் ஹட்ஷெப்சுட் ராணி சுமார் 3,500 வருடம் முன்பு ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் இருந்ததாகச் சொல்லப்படும் பன்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, மரங்களையே வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவரச் செய்தார். அவர் கட்டிய கோயில் சுவரில் அந்தச் சிற்பம் இன்றும் இருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தோஃபார் கரையில் சும்ஹுரம் என்று ஒரு பழைய துறைமுகம். குந்திரிக்கம் கப்பலேறிய இடம்; 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே தோண்டியபோது தமிழ்ப் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று பெயர் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. கீரன் அங்கே போனாரோ, பானை மட்டும் போனதோ! எனக்கென்னவோ ஆளே போயிருப்பார் என்றுதான் படுகிறது.

ஓமனில் இன்றும் துணிக்குக் குந்திரிக்கப் புகை காட்டுவார்கள், நல்ல துளிகளை இரவில் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கவும் செய்வார்கள். உடனே கமெண்டில் "நாங்களும் குடிக்கலாமா?" என்று வருவீர்கள். பூஜை சாமான் கடையில் தூபத்துக்கு விற்பதைத் தயவுசெய்து வாயில் போடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறார்களோ!